எட்டுக் கால் வீடும் இரண்டு எருமைச் சீட்டும்

கோட்டைச்சாமியின் வீடு முதன்முதலாக நகர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு. அது ராகு காலம் தொடங்குகிற நேரம் என்பதால் தேக்குமேட்டில் எவரும் எந்தக் காரியத்துக்கும் புறப்படாமல் பல் துலக்கிக்கொண்டும் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டும் வாசலில் நின்றிருந்தார்கள். அதனால் வீடு புறப்பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். எட்டுத் தேக்குக் கால்களும் தகரக் கூரையும் மூங்கில் தட்டிச் சுவரும் கொண்ட அந்த வீடு, நெடுநேரம் குந்தியிருந்த ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதுபோல முனகி எழுந்து, ஒருவர் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் கிழக்கே போய், ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிந்ததும் உட்கார்ந்துவிட்டது.

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த கோட்டைச்சாமிக்குக் கன்னத்தில் கீறல் விழுந்தது. எது நடந்தாலும் அதற்கு யார் காரணம் என்று முதலில் யோசிப்பது அவர் வழக்கம். பக்கத்து வீட்டுச் சவுந்தரிதான் என்று முடிவு செய்து சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"ஏத்தா சவுந்தரி! என் வீட்டுக் கால்ல துணிக்கொடி கட்டாதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? இழுத்துட்டேல்ல?"

சவுந்தரி இட்லிக் கடை வைத்திருப்பவள். அறுந்த கொடியையும் மண்ணில் கிடந்த இரண்டு சேலைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, நான்தான் இழுத்தேன். எனக்கு அம்புட்டுத் தெம்பு இருந்தா வீட்டையாண்ணே இழுப்பேன்? உங்களை இழுத்துட்டுப் போயி ஓடைக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்திருப்பேன். உங்க தங்கச்சியாவது நிம்மதியாக் கண்ணை மூடும்."

தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேக்குமேடு என்பது மணிப்பூர் மலைகள் இறங்கி முடிகிற இடத்தில் ஒரே தெருவாகக் கிடக்கிற நாற்பது வீட்டுக் குடியிருப்பு. பர்மாவிலிருந்து போகச் சொல்லிக் கப்பலேற்றி விடப்பட்டு, மதராசில் இறங்கி, அங்கே ஒன்றும் சரிப்படாமல், வந்த ஊருக்கே தரைவழியாக நடந்து போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் நிறுத்தப்பட்டு, நிறுத்தப்பட்ட இடத்திலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியவர்கள் உண்டாக்கிய ஊர் அது. தெருவின் கிழக்குக் கோடியில் கேட். கேட்டுக்கு அப்பால் ஓர் ஓடை, ஓடை மேல் மூங்கில் பாலம், பாலத்துக்கு அப்பால் பர்மா. அங்கேயும் தமிழ் ஆட்கள்தான். எப்படியோ தாண்டிவிட்டவர்களும், முதலிலேயே போகமாட்டேன் என்று இருந்துவிட்டவர்களும். காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு இங்கிருந்து அங்கே போகலாம், அங்கிருந்து இங்கே வரலாம். அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கக் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அவர்கள் கடிகாரத்தில் நாலு அடித்தால் கேட்டை மூடிவிடுவார்கள். நம் கடிகாரத்தில் அப்போது மூன்று.

இந்த ஒரு மணி நேரத்தில்தான் கோட்டைச்சாமியின் குடும்பம் உடைந்தது.

அவருக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி, பஞ்சவர்ணம். அந்தப் பக்கத்து நாகலிங்கத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். அவள் மகள் மங்களத்துக்குப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் வைத்தார்கள். தாய்மாமனை முறையாக அழைக்க வேண்டும் என்று நாகலிங்கம் ஒரு வியாழக்கிழமை வெத்தலை பாக்குத் தட்டோடு புறப்பட்டு வந்தார். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் காலண்டர் ஒன்றுதான். அவர் தன் கைக்கடிகாரத்தில் மூன்று அடிக்கும் வரை வேப்ப மரத்தடியில் காத்திருந்து, மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கோட்டைச்சாமியின் வாசற்படியில் வந்து நின்று, "மச்சான்" என்று கூப்பிட்டார்.

கோட்டைச்சாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐந்து. நட்ட நடு ராகு காலம்.

"மூணு மணிக்கு மேல வாங்க மாப்ள," என்றார், எழுந்திருக்காமல்.

"மூணு மணிக்குக் கேட்டு மூடிருவான் மச்சான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

நாகலிங்கம் கேட் மூடப்போகிற நேரம் வரை படியிலேயே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் படியில் வைத்துவிட்டு ஓடினார். நாய்க்குச் சோறு வைக்கிறதுபோல வைத்துவிட்டுப் போனான் என்று கோட்டைச்சாமி தெரு முழுக்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தத் தட்டை வீட்டுக்குள் எடுக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அது பச்சை பூத்து, கோழி தண்ணீர் குடிக்கிற தட்டாகப் படி ஓரத்தில் கிடந்தது. என் வாசற்படியில் என் தங்கச்சியே வந்து நின்று நல்ல நேரத்தில் கூப்பிட்டால் தவிர அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று அம்மன் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். என் புருஷனை நிற்க வைத்து அனுப்பிய வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்று பஞ்சவர்ணம் அங்கேயிருந்து சொல்லி அனுப்பினாள். நாகலிங்கம் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கும் இவர் போகவில்லை.

வீடு நகர்வதற்கு ஒரு வாரம் முன்னால், அந்தப் பக்கம் சந்தைக்குப் போய்வந்த சவுந்தரி ஒரு சேதி கொண்டுவந்தாள். மங்களத்துக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, முத்தரசி, அதற்கு மூன்று வயது முடிகிறது. காது குத்த வேண்டும். மங்களத்துக்கு அண்ணன் தம்பி இல்லை. தாய்மாமன் இல்லாத பிள்ளையைத் தாயோட தாய்மாமன்தான் மடியில் வைக்க வேண்டும். பஞ்சவர்ணத்துக்குப் போன மழையிலிருந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. அடுத்த மழை தாங்குவாளா என்று சொல்ல முடியாது.

"கண்ணை மூடறதுக்குள்ள எங்கண்ணன் மடியில பிள்ளையைப் பாத்திரணும்னு அழுவுது அண்ணே."

"வந்து கூப்பிடச் சொல்லு."

"எப்படி வரும்? அதுவே சொல்லுச்சு: காலு இருந்தப்ப ரோசம் விடலை, இப்ப ரோசம் போயிருச்சு, காலு வரலைன்னு."

"நான் அணைச்ச சூடம் அணைச்சதுதான்," என்றார் கோட்டைச்சாமி.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் வீடு எழுந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்தது, புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு எழுந்தது. தினமும் அந்தந்த நாளின் ராகு காலத்தில், நம் கடிகாரப்படி, ஓர் ஆள் நீளம் கிழக்கே. ஏன் நகர்கிறது என்று முதல் வாரம் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம், எந்த நாள் யார் வீட்டு வாசலை அடைக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள், ஏனென்றால் தெரு குறுகல்.

கோட்டைச்சாமி வீட்டை நிறுத்தப் பார்த்தார். கால்களுக்கு முன்னால் ஓடைக்கல் அடுக்கினார். வீடு கல்லைத் தாண்டிக் கால் வைத்தது. கயிறு கொண்டு வேப்ப மரத்தில் கட்டினார். கயிறு தானாக அவிழ்ந்து மடித்து வைத்ததுபோல் கிடந்தது. வெளியே வந்து யார் வீட்டிலாவது படுத்துக்கொள்ளலாம் என்றால், நாற்பது வீட்டில் அவர் மனத்தாங்கல் இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஆகவே உள்ளேயே இருந்தார். கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில் சொன்னார்:

"நான் போகலை. வீடு போகுது."

மின்சாரக் கம்பிக்கு லைன்மேன் தோம்பா வாரம் ஒருமுறை ஏணியோடு வந்து முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுச் சலித்து, கடைசியில் ஒரு பெரிய சுருளைக் கூரையில் வைத்து, தினமும் ஒரு சுற்று அவிழ்த்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனான். தபால்காரர் "கோட்டைச்சாமி, தெருவில் எங்கே இருக்கிறாரோ அங்கே" என்று முகவரி எழுதச் சொன்னார். வீடு யார் வாசலை அடைத்துக்கொண்டு உட்காருகிறதோ அவர்கள் கோட்டைச்சாமியின் வீட்டுக்குள்ளே புகுந்து மறுபக்கமாக வெளியேறிக்கொள்ளலாம், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், என்று ஊர்ச் சங்கத்தில் கூடித் தீர்மானம் போட்டார்கள். அவரைக் கேட்காமல் போட்டார்கள் என்று சங்கத்தின் மேலும் ஒரு மனத்தாங்கல் சேர்ந்தது.

இப்படியாகப் பகையாளிகள் எல்லோரும் வரிசை வரிசையாக அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். காத்தமுத்து பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தியில் இவர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்கு வடை போட்டவன். அவன் வாசலில் வீடு நான்கு நாள் உட்கார்ந்தது. முதல் நாள் அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்தான். இரண்டாம் நாள் இருமிவிட்டுக் கடந்தான். மூன்றாம் நாள் ஒரு தட்டில் வடையோடு வந்து, மேசை இல்லாததால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"என்ன அது?"

"வடை."

"பதினோரு வருசம் ஆறிப்போயிருக்குமே."

"சுடச்சுட இருக்குய்யா. தின்னு பாத்துட்டுப் பேசு."

கோட்டைச்சாமி தின்றார். உப்பு குறைச்சல் என்றார். நான்காம் நாள் வீடு நகரும்போது காத்தமுத்து பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்தான்.

பங்குனியில் அம்மன் சப்பரம் புறப்பட்டபோது வீடு தெருவை முழுக்க மறித்துக்கொண்டு இருந்தது. ஒதுக்குப் பாதை இல்லை. ஆகவே மேளம் முன்னால் போக, சப்பரத்தைச் சாய்த்துத் தூக்கி, அம்மனை முன் கதவால் உள்ளே கொண்டுவந்து பின் கதவால் வெளியே கொண்டுபோனார்கள். இது யாருக்குக் கிடைக்கும் என்று பெண்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோட்டைச்சாமி தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், எல்லாம் செய்தார். பிறகு சவுந்தரியிடம் மட்டும் சொன்னார்:

"பிரியப்பட்டா வந்தா? வழியில்லாம வந்தா."

ஐந்து மாதம் ஆனது. வைகாசியில் வானம் கறுக்க ஆரம்பித்தபோது வீடு கேட்டை நெருங்கி வந்துவிட்டிருந்தது. படியில் நின்றால் பாலமும், பாலத்துக்கு அப்பால் பஞ்சவர்ணத்தின் நீல வண்ணக் கதவும் தெரியும். கோட்டைச்சாமி படியில் நிற்பதை விட்டுவிட்டார். ஆனால் மத்தியானங்களில் ஜன்னலை ஒரு விரற்கடை அளவுக்குத் திறந்து வைத்திருந்தார். அந்த இடுக்கில், நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு யாரையோ இரண்டு பேர் தாங்கி உட்கார வைப்பதும், ஒரு சின்னப் பிள்ளை அந்த நாற்காலியைச் சுற்றி ஓடுவதும் தெரிந்தது.

கேட்டுக்கு ஓர் ஆள் நீளமே மிச்சமிருந்த புதன்கிழமை, கேட் அதிகாரி திவாரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் பேசியதைச் சவுந்தரி தமிழில் சொன்னாள். நாளைக்கு இது எல்லையைத் தாண்டும். தாண்டுவதற்குச் சீட்டு வேண்டும். வீட்டுக்குச் சீட்டு கொடுக்க விதியில்லை. என்ன என்னவற்றுக்கு விதி இருக்கிறது என்று சவுந்தரி கேட்டாள். ஆளுக்கு உண்டு, தலைச்சுமைக்கு உண்டு, சக்கரம் வைத்த வண்டிக்கு உண்டு, ஆடு மாடு எருமைக்கு உண்டு.

"இது நடக்குதுல்ல? சக்கரம் இல்லைல்ல? பெறகென்ன சாமி, எருமைன்னு போடுங்க."

திவாரி குனிந்து வீட்டின் கால்களை எண்ணினார். எட்டு. ஓர் எருமைக்கு நாலு கால்தான் என்று விதியில் தெளிவாக இருந்ததால், இரண்டு எருமை என்று எழுதி இரண்டு சீட்டு கிழித்தார். அன்றைக்கே திரும்ப வேண்டும் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

"பெரியவருக்கு?" என்றாள் சவுந்தரி.

திவாரி யோசித்து, அவர் நடக்கப்போவதில்லை என்பதால் எருமை மேல் சுமை என்று எழுதினார்.

"என்னைச் சுமைன்னா எழுதினான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு வீடு எழுந்தது. ஐந்து மாதமாக நோயாளிபோல் நடந்த வீடு, கையில் சீட்டு இருக்கிறவர்கள் நடக்கிற நடையில் நடந்தது. தேக்குமேடு முழுவதும் கேட்டில் கூடிவிட்டது. தோம்பா கூரையில் மிச்சமிருந்த கம்பியை அறுத்துவிட்டான். காத்தமுத்து ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக எறிந்தான். இந்த முறை உப்பு சரியாக இருக்கும் என்று கத்தினான். வீடு மூங்கில் பாலத்தை நம்பாமல் ஓடையில் இறங்கி, நடு ஓடையில் கொஞ்ச நேரம் காலை நனைத்துக்கொண்டு நின்று, அக்கரை ஏறியது. அந்தப் பக்கத்துக் காவலர்கள் சீட்டு இரண்டையும் வாங்கிப் படித்து, எருமைகளைத் தேடி, பிறகு அவர்களும் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வழியை மறித்திருந்த கம்பைத் தூக்கினார்கள்.

நீலக் கதவுக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலிக்கு மூன்றடி தள்ளி, வாசற்படி சரியாக நாற்காலியைப் பார்க்கிற மாதிரி, வீடு உட்கார்ந்தது.

கோட்டைச்சாமி கதவைத் திறந்து உள்படியிலேயே நின்றார். தங்கச்சிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. பக்கத்தில் நரை விழுந்த ஒரு பெண்பிள்ளை நின்றாள்; அது மங்களம் என்று அவராக அனுமானித்துக்கொண்டார். திறந்திருந்த நீலக் கதவுக்குள் சுவரில் நாகலிங்கத்தின் படம் மாலையோடு தொங்கியது. கையைக் கட்டிக்கொண்டு எடுத்த படம். கைக்கடிகாரம் பெரிதாகத் தெரிந்தது.

பஞ்சவர்ணம் மகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்றடி தூரத்தை ஏழு தப்படியில் கடந்து, அண்ணன் வாசற்படிக்கு வந்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். படி ஓரத்தில் கிடந்த தட்டைப் பார்த்தாள். குனிய முடியாததால் மங்களம் எடுத்துக் கொடுத்தாள்.

"இது எங்க வீட்டுத் தட்டுல்ல," என்று பஞ்சவர்ணம் அதன் நெளிசலைத் தடவினாள். கோழி எச்சத்தை முந்தானையால் துடைத்தாள். மங்களம் அதில் வெத்தலையும் பாக்கும் இரண்டு வாழைப்பழமும் வைத்தாள்.

"அண்ணே..."

"மணி பாத்தியா?" என்றார் கோட்டைச்சாமி.

"பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன். மூணு அஞ்சு. ராகு காலம் முடிஞ்சிருச்சு."

அவர் திரும்பித் தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐந்து.

மூணு மணிக்கு மேல கூப்பிடு என்று சொல்ல வாய் திறந்தார். அதைச் சொன்னால் அவள் மறுபடி ஏழு தப்படி நடந்து நாற்காலிக்குப் போய், மறுபடி ஏழு தப்படி நடந்து வர வேண்டும். இந்தக் கடிகாரத்தில் மூன்று அடிக்கும்போது அந்தக் கடிகாரத்தில் நாலு அடிக்கும். நாலு அடித்தால் கேட் மூடிவிடும். எருமை இரண்டும் அதற்குள் திரும்பியாக வேண்டும். கேட்டுப் பக்கமிருந்து யாரோ விசில் ஊதினார்கள். கோட்டைச்சாமி கேட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி கேட்டைப் பார்த்தார். சுவரில் நாகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார் கோட்டைச்சாமி, படத்தைப் பார்த்து.

பிறகு உள்ளே போனார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை ஒரு விரலால் பிடித்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். பாதி வழியில் அது அரை மணி அடித்தது, உச்சிக்கு வந்ததும் மூன்று அடித்தது. வாசலில் நின்ற குழந்தை ஒவ்வோர் அடிக்கும் கை தட்டியது. முள்ளை மூன்று ஐந்தில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, வேட்டியைச் சரிசெய்து, படியில் நின்றார்.

"இப்பக் கூப்பிடு."

பஞ்சவர்ணம் தட்டை நீட்டினாள். ஒரு கைதான் வந்தது. இன்னொரு கையை மங்களம் தூக்கிச் சேர்த்து வைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பேத்திக்குக் காது குத்து. நீங்க முன்னால நின்னு, மடி குடுத்து, நல்லபடியா நடத்தித் தரணும்ணே."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வெத்தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வெத்தலை வாடியிருக்கு."

"பத்தொம்பது வருசமாச்சுல்ல," என்றாள் பஞ்சவர்ணம்.

கோட்டைச்சாமி படியிறங்கி அந்த மண்ணில் கால் வைத்தார். மங்களம் காலில் விழுந்தாள். குழந்தை இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை மறுபடி அடிக்கச் சொல்லியது. இவர்கள் எல்லோரும் அழுது முடிப்பதற்குள், அந்தப் பக்கக் கடிகாரத்தில் மூன்று நாற்பதுக்கு, பின்னால் முனகல் சத்தம் கேட்டது. வீடு எழுந்து திரும்பி, ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. சீட்டு அதன் பேரில்தானே இருந்தது. அது நேரத்துக்குத் திரும்பியது. திவாரி எட்டுக் காலையும் எண்ணிக்கொண்டு, இரண்டு எருமையும் வந்து சேர்ந்தன என்று எழுதிக் கேட்டை மூடினார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சா பாரு," என்றார் கோட்டைச்சாமி.

ஞாயிற்றுக்கிழமை அவர் மடியில் முத்தரசிக்குக் காது குத்தினார்கள். அது வலி தாங்காமல் அவர் கட்டைவிரலைக் கடித்ததில் தழும்பு விழுந்துவிட்டது. யார் கேட்டாலும் காட்டுவார். பஞ்சவர்ணம் அந்த மழையைத் தாண்டினாள், அடுத்த மழையையும் தாண்டினாள். அண்ணனும் தங்கச்சியும் காலையில் சண்டை போட்டு மத்தியானம் வரைக்கும் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பக்கத்து ஆபீசில் கோட்டைச்சாமி எப்போது வந்தார் என்று எந்தத் தாளிலும் இல்லாததால், எப்போதும் அங்கேயே இருந்தவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

வீடு தேக்குமேட்டின் மேற்குக் கோடியில் தன் பழைய எட்டுக் குழிகளில் போய் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பிறகு அசையவில்லை. சவுந்தரி துணிக்கொடியைக் கட்டிக்கொண்டாள். உள்ளே சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியே ஓடுகிறது. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கிற காத்தமுத்து அதைத் திருத்தவில்லை. இப்போதெல்லாம் தேக்குமேட்டில் யாருக்காவது வெத்தலை பாக்கு வைக்கப் போகிறவர்கள் தங்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக அந்தக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, இரண்டிலும் ராகு காலம் இல்லையென்றால்தான் படியேறுகிறார்கள். வியாழக்கிழமை பிற்பகலில் யாரும் யாரையும் அழைப்பதில்லை.

ஆனால் வியாழக்கிழமைதான் கோட்டைச்சாமி அந்தப் பக்கத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்க்க வருகிறார். வந்து படிக்குக் கீழே நிற்பார். பூட்டு இல்லை, கதவு சாத்தித்தான் இருக்கும், தள்ளினால் திறக்கும். தள்ள மாட்டார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சவுந்தரி, "வாங்கண்ணே, உள்ள வாங்க, உக்காருங்க," என்று சொன்ன பிறகுதான் படியேறுவார். போன வியாழக்கிழமை சவுந்தரி சந்தைக்குப் போய்விட்டாள். அவர் தன் வாசற்படியில் கேட் மூடுகிற நேரம் வரை நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

அதையும் அவர் மறக்கப்போவதில்லை.